ஈர்யா வளர்ந்த வீடு

"ஒரு மணி நேரம் உங்க வீட்டை எங்க பெரியப்பா வீடுன்னு சொல்லணும். அவ்வளவுதான் ரெய்னோ அண்ணே" என்றார் தௌனோ.

அடுத்த தெரு ரெய்னோவுக்கு எழுபத்தெட்டு வயது. இப்படி ஒரு வேலை அவருக்கு இதுவரை வந்ததில்லை. உடனே எழுந்து உட்கார்ந்தார்.

"சொல்லிட்டாப் போச்சு. யார் வர்றாங்க?"

"ஈர்யா அக்கா. பெரியப்பா மகள். பன்னிரண்டு வயசுல ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினவ. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பதான் பின்லாந்துக்கு வர்றா. வளர்ந்த வீட்டைப் பார்க்கணுமாம்."

"நிஜ வீடு எங்கே?"

"இடிச்சாச்சு" என்றாள் தௌனோவின் மனைவி ஹெல்வி. "சர்ச்சுக்கு எதிர்ல ரவுண்டானா இருக்கே, அதுதான் வீடு. நகராட்சிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே இவர்தான். பதினாலு வருஷமா ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் 'வீடு நல்லா இருக்கு'ன்னு எழுதிக்கிட்டும் இருக்கார்."

"இடிச்ச வருஷம்தான் அக்கா புருஷன் செத்தார். அப்ப எப்படிடி எழுதுவேன்?"

"அடுத்த வருஷம் எழுதியிருக்கலாமே?"

"போன வருஷம் ஏன் எழுதலைன்னு கேட்டிருப்பாளே!"

பெரியப்பா கிளம்பும்போது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டைத் தௌனோவின் அப்பா பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர். ரவுண்டானா விஷயம் தெரிந்தால் அக்கா தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று தௌனோவுக்குப் பயம்.

"நானா எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள் ஹெல்வி. "ஆனா அவ கேட்டுட்டா, உள்ளதைத்தான் சொல்வேன்."

அவள் அப்படித்தான். போன இடத்தில் கேக் வேகவில்லை என்றால் வேகவில்லை என்று சொல்லிவிடுவாள். அதனாலேயே ஊரில் பாதிப் பேர் அவளைக் காபிக்குக் கூப்பிடுவதில்லை.

சனிக்கிழமை ஈர்யா ரெய்னோ வீட்டு வாசலுக்கு வந்தாள். வாடகைக் காரை வேலியில் லேசாக உரசி நிறுத்திவிட்டு இறங்கி, எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். ரெய்னோவையும். கட்டிப்பிடித்துப் பழக்கமில்லாத ரெய்னோ, கழுத்து டையைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றார்.

வீட்டில் சந்தேகம் வர வழியில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அரசு கொடுத்த ஒரே வரைபடத்தை வைத்து ஊரே வீடு கட்டிக்கொண்டது. ஒன்றைப் பார்த்தால் ஊரையே பார்த்த மாதிரி. பன்னிரண்டு வயதில் போனவளுக்குத் தெருவா நினைவிருக்கும் என்பது தௌனோவின் கணக்கு. ரெய்னோ வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மூடவில்லை.

"இந்தப் படியிலதானேம்மா நீங்க விழுந்து முட்டியை உடைச்சுக்கிட்டீங்க!"

ரெய்னோ இந்த ஊருக்கு வந்தே முப்பது வருஷம்தான் ஆகிறது. ஹெல்வி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஆமா ஆமா!" என்றாள் ஈர்யா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள். கதவு நிலையில் பென்சில் கோடுகள். "டேய் தௌனோ, நம்ம உயரம் அளந்த கோடு! இது நான். ஏழு வயசு!"

கோட்டுக்குப் பக்கத்தில் 1993 என்று எழுதியிருந்தது.

"அது... பெயின்ட் அடிச்ச வருஷம்" என்றார் ரெய்னோ.

ஈர்யா வேகமாகத் திரும்பிக்கொண்டாள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும், கூரைவரை உயர்ந்த செங்கல் அடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அதில் முகத்தைப் புதைத்தாள். தோள்கள் குலுங்கின.

தௌனோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். தன் அடுப்புக்கு இவ்வளவு மகிமை இருப்பது தெரியாத ரெய்னோவும் மூக்கை உறிஞ்சினார்.

ஹெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவளை இப்படியா யார் வீட்டு அடுப்பையோ கட்டிக்கொண்டு அழவைப்பது?

ஏலக்காய் பன்னும் காபியும் மேசைக்கு வந்ததும் தொண்டையைச் செருமினாள்.

"ஈர்யா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

தௌனோ அவசரமாகப் பன் தட்டை ஹெல்வி பக்கம் நகர்த்தினார்.

"அப்புறம் சொல்லு. முதல்ல தோட்டத்தைக் காட்டு" என்று ஈர்யா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பெயின்ட் அடிச்ச வருஷம்! ஐயோ, முடியலடீ. அடுப்புல முகத்தை மறைச்சிருக்கலைன்னா அங்கேயே வெடிச்சுச் சிரிச்சிருப்பேன்."

ஹெல்வி வாய் பிளந்து நின்றாள். "உனக்குத் தெரியுமா?"

"நேத்தே அந்த ரவுண்டானாவை நாலு சுத்து சுத்தினேன். பின்னாடி வந்தவன் திட்டிட்டுப் போனான். நாலாவது சுத்துல எங்க சமையலறை இருந்த இடத்தைக் கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட கேட்கலை?"

ஈர்யா கண்ணைத் துடைத்தாள். சிரிப்பில் வந்த தண்ணீர்தான், முக்கால்வாசி.

"என் புருஷன் செத்த வருஷம் வந்த கடிதம் பூரா ஒரே துக்கம். ஏதாவது ஒண்ணு நல்லா இருக்குன்னு எழுதினவன் இவன் ஒருத்தன்தான் ஹெல்வி. எனக்குத் தெரியும்னு சொல்லிடாதே. கூசிப்போயிடுவான்."

மாலையில் ஈர்யாவின் கார் கிளம்பிப் போனது. தௌனோ வீடுவரை ஏதோ பாட்டை முனகிக்கொண்டே நடந்தார். வாசலில் திடீரென்று நின்றார்.

"அக்கா தோட்டத்துல உன்கிட்ட ஏதாவது கேட்டாளா? நீ உளறிட்டியா?"

ஹெல்வி சாவியைத் தேடுகிற மாதிரி பைக்குள் பார்த்தாள்.

"கேட்டா, இது எங்க வீடுதானேன்னு. உங்களுக்காக ஆமான்னு சொல்லித் தொலைச்சேன். அப்படியே நம்பிட்டா, பாவம்" என்று தன் வாழ்நாளின் முதல் பொய்யைச் சொன்னாள்.