ஆட்காட்டி விரல்

கார்க் கதவு அடிக்கிற பிரஸ்ஸுக்குத் தகடென்றும் விரலென்றும் பேதம் தெரியாது. ஞானதீபனின் வலது ஆட்காட்டி விரலைத் துண்டித்துத் தரையில் எறிந்தது. ரத்தம் பீய்ச்சியடிக்க அலறியவனை சூப்பர்வைசர் வேலாயுதம் வேனில் தள்ளினார்.

“வெரலையும் குடுங்க சார், தச்சிருவாங்க.”

“தேடிப் பாக்குறேன், நீ கெளம்பு.”

பத்தாம் நாள் கைக்கட்டோடு வந்தான். வாசல் பலகையில், ‘இன்றோடு விபத்தில்லாத நானூறு நாட்கள்.’ கார் கம்பெனிக்காரர்கள் விருதோடு வருகிறார்களாம். வருகைப்பதிவு மெஷினில், வலதோடு சேர்த்து முன்பே பதிந்திருந்த இடது விரலை வைத்தான். அவன் படத்தைக் காட்டி, “ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள்” என்றது.

பின்னால் வேலாயுதம் நின்றிருந்தார். அவர் கையிலிருந்த டிபன் பாக்ஸிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது.

“நீ எதுக்குடா அலையுற? ஒனக்குத்தான் தெனமும் பிரசன்ட் விழுதே!”