பழகுநர்

நட்டநடுச் சந்திப்பில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

“பெரியப்பா, காலை வீட்டுலயே கழட்டி வெச்சிட்டு வந்துட்டீங்களா? கிளட்ச்ச மிதிங்க, கிளட்ச்ச மிதிங்கன்னு தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேன். காதுல விழுதா இல்லையா?”

கார் ஓட்டக் கற்றுத்தரும் டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். திட்ட ஆரம்பித்தால் அடுத்த சிக்னல் வரைக்கும் ஓயமாட்டாள். பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் ஒரு காலை எப்போதும் வைத்தபடிதான் திட்டுவாள்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு சாவியைத் திருப்பினார். அவமானப்பட்டவர் மாதிரிதான் தெரிந்தார். உற்றுப் பார்த்திருந்தால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் தெரிந்திருக்கும்.

அவரோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் ஓட்டிக்காட்டி லைசென்ஸ் வாங்கிப் போய்விட்டார்கள். இவர் மூன்றாவது முறையாகச் சேர்ந்திருந்தார். நேற்று வந்தது இன்றைக்கு மறந்துவிடும். வளைவு என்றால் திணறுவார், பின்னால் எடு என்றால் வேர்த்துவிடும்.

கார் கிளம்பிச் சரிவில் இறங்கியது. டீச்சர் இன்னும் முடித்திருக்கவில்லை.

“என் பொண்ணு பத்து நாள்ல கத்துக்கிட்டா. நீங்க என்னடான்னா...”

ஓரமாக நின்றிருந்த வேனின் கதவு படாரென்று திறந்தது.

அதில் மோதிய சைக்கிள்காரர் காருக்கு நேர் முன்னால் உருண்டு விழுந்தார். எதிரே செங்கல் ஏற்றிய லாரி. பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொரு வண்டி.

டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிரேக்கின்மேல் இருந்த கால் அசையவே இல்லை.

கார் குலுங்கவில்லை. கியர் இறங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. விழுந்தவருக்கும் லாரிக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு நழுவிப் போய், சாலையோரத்தில் பூப்போல நின்றது.

பெரியவர் நிமிர்ந்து, தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

“யாருக்கும் அடிகிடி படலையே? எல்லாரும் உக்காருங்க, ஒண்ணுமில்ல.”

பின் இருக்கையில் ஒருவரும் இல்லை.

வெளியே சைக்கிள்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, வேன்காரனோடு சண்டையை ஆரம்பித்திருந்தார். டீச்சர் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

“பஸ்ஸா?”

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆமாம்மா. ரிட்டயர் ஆகிற வரைக்கும்.”

அப்புறம் எதற்கு இங்கே வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கைகுலுக்கி, இனிமேல்தான் வாழ்க்கையே என்றார்கள். மகன் தொலைவிலிருந்து வாராவாரம் பேசுகிறான். “ஜாலியா இருங்கப்பா” என்று சொல்லிப் போனை வைக்கிறான். பேங்கில் ‘சார்’ என்கிறார்கள். மருந்துக்கடையில் ‘சார்’ என்கிறார்கள். சில்லறை தேட நேரமானாலும் சிரித்துக்கொண்டே காத்திருக்கிறார்கள்.

மனைவி இருந்தவரை திட்டு வாங்காமல் அவருக்கு ஒரு பொழுதும் விடிந்ததில்லை. குளித்துவிட்டு ஈரத் துண்டை நாற்காலியில் போட்டால் திட்டு. ஃபேனை அணைக்காமல் வந்தால் திட்டு. “ஊர்ச்சனத்தையெல்லாம் பத்திரமா கொண்டு சேர்க்கத் தெரியுது, ஒரு டம்ளரைக் கழுவி வைக்கத் தெரியல” என்பாள்.

அவள் போன பிறகு ஈரத் துண்டு நாற்காலியிலேயே கிடந்து, நாற்காலியிலேயே காய்கிறது.

இந்த ஆளைத் திட்டி இனி என்ன ஆகப்போகிறது என்று உலகமே சேர்ந்து முடிவு பண்ணிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

பெரியவர் காரைக் கிளப்பினார். கிளட்ச்சிலிருந்து காலை வேண்டுமென்றே சட்டென எடுத்தார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

“பரவாயில்ல சார்,” என்றாள் டீச்சர், மெல்லிய குரலில். “நீங்க மெதுவாவே எடுங்க சார்.”

பெரியப்பா என்ற பேச்சு அத்தோடு நின்றது. இறங்கும்போது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். உங்ககிட்ட நான்தான் கத்துக்கணும் சார் என்றாள். அவர் அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

அடுத்த வாரம் கடைத்தெருவில் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே நடந்தார். நீச்சல் தெரியும். தையலும் கொஞ்சம் வரும். இந்தத் தடவை நடிக்கவேண்டிய அவசியமில்லாமல், உண்மையாகவே வராத ஒன்று வேண்டும்.

ஒரு மாடியில் வயலின் வகுப்பு என்று போட்டிருந்தது. சுதி எது, வெறும் சத்தம் எது என்று அவருக்குத் தெரியாது. இதுதான் என்று தோன்றியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அவசரமாகவே ஏறினார்.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எந்த வயசிலயும் கத்துக்கலாம் சார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“இங்க டீச்சர் எப்படிம்மா? கோபம் வருமா?”

அவர் பயப்படுகிறார் என்று நினைத்து, அந்தப் பெண் அன்பாகச் சிரித்தாள்.

“சேச்சே, தங்கமானவங்க சார். எவ்வளவு தப்புப் பண்ணாலும் ஒரு வார்த்தை அதட்டிப் பேசமாட்டாங்க.”

“யோசிச்சுச் சொல்றேம்மா,” என்று பெரியவர் படியிறங்கினார்.