முதல் தடவையிலேயே பாஸ்

"கை ரெண்டும் எங்க இருக்கணும், சிட்டு?"

"ஸ்டியரிங்ல."

மருத்துவமனை வராந்தாவில் மாஸ்டர் முதலில் கேட்டது இதைத்தானா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது. எப்படியோ, அவருடைய ஆறு வயது மகள் சிட்டு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலக் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். விட்டால் அவை சிறகு மாதிரி படபடக்கும்.

"டாக்டர் பேசினா?"

"கண்ணைப் பாக்கணும்."

"முடியலன்னா?"

"புருவத்துக்கு நடுவுல."

"அது போதும். அவருக்கு வித்தியாசம் தெரியாது."

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஓட்டக் கற்றுக்கொடுத்தாரோ இல்லையோ, டெஸ்டில் பாஸாகக் கற்றுக்கொடுப்பதில் மன்னன். "பின்னால வண்டி வருதான்னு நீ பாக்கிறது முக்கியமில்ல. நீ பாக்கிறது இன்ஸ்பெக்டருக்குத் தெரியணும். தலையை நல்லாத் திருப்பு" என்பார். லைசென்ஸ் வாங்கியவர்கள் அப்புறம் எங்கே போய் இடித்தார்கள் என்பதெல்லாம் அவர் கவலையில்லை.

மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததிலிருந்து மருத்துவமனை, பயிற்சி, பள்ளியின் புகார் என்று அலைந்தவள் மனைவி. மாஸ்டரின் பங்கு வண்டி ஓட்டுவது. இன்றைக்குப் பார்த்து அவளுக்கு மருந்துக் கடையில் லீவு கிடைக்கவில்லை. போன வாரமே அவள் விளக்க ஆரம்பித்தாள்.

"டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் இவளை இனிமே பள்ளிக்கூடத்துல வெச்சுப்பாங்களாம். அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. அதுல என்னன்னா..."

டெஸ்ட் என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் மாஸ்டர் காதில் ஏறவில்லை.

"டெஸ்ட்டா? என்கிட்ட விட்டுட்டு நீ நிம்மதியா இரு!"

அன்றிலிருந்து சாயங்காலமானால் மகளை ஆபீசுக்கு அழைத்துப்போய் ஒத்திகை.

வராந்தாவிலிருந்து உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "உன் ஃப்ரெண்டு யாரும்மா?"

சிட்டு அவர் புருவங்களுக்கு நடுவே பார்த்தாள். "எல்லாரும் என் ஃப்ரெண்டுதான், டாக்டர்."

மேசையில் போன் அலறியது. வழக்கமாக இந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவாள். இப்போது அசையவில்லை. விரல் கணுக்கள் மட்டும் வெளுத்தன. டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் விரல்களைப் பார்க்கவில்லை. மாஸ்டர் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவரும் பார்க்கவில்லை.

"அருமையான பொண்ணு!" டாக்டர் சான்றிதழ் எழுதிச் சீல் குத்தினார். "இவளுக்கு என்ன குறை? பெத்தவங்கதான் இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் பயந்துடறீங்க."

மாஸ்டருக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது.

கார் கதவைச் சாத்தியதுதான் தாமதம், சிட்டு வீறிட்டாள். கைகள் கண்ணாடியில் படபடவென்று அறைந்தன. மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். இத்தனை நேரம் அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"அதான் முடிஞ்சிருச்சே, கண்ணு! பாஸாயிட்டே!" என்று ஒரு கையால் அவளை அணைத்தபடி மறு கையால் மனைவிக்குப் போன் போட்டார்.

"முதல் தடவையிலேயே பாஸ்! ஒரு குறையும் இல்லேன்னு எழுதிட்டாரு. எப்படி நம்ம டிரெய்னிங்?"



"என்னங்க... வகுப்புல இவ பக்கத்துலயே உக்கார ஒரு ஆள் வேணும்னு கேட்டுத்தானே அனுப்பினேன்? தனியா சமாளிக்க முடியாதுன்னு டாக்டர் எழுதினாத்தானே பள்ளிக்கூடத்துல ஆள் தருவாங்க?"

சிட்டு இப்போதும் அதே வகுப்பில்தான் படிக்கிறாள். அவள் அம்மா மருந்துக் கடைக்குப் போய்வருகிறாள். டிரைவிங் ஸ்கூலைப் பூட்டிவிட்டு, குட்டி நாற்காலியில் முட்டி முகவாயில் இடிக்க, தினமும் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள், மாஸ்டர்.