போய்ச் சேரும்வரை

உடப்புக் கரையில் வெயில் ஏறிவிட்டது. இராசமணியின் வீடு இன்னும் கூட்டாமல் கிடக்கிறது. பயணம் போனவர் போய்ச் சேரும்வரை விளக்குமாறு எடுக்கக் கூடாது. இளைய மகன் நேற்றிரவு மெல்பேர்னுக்கு விமானம் ஏறினான். அவனுடைய செருப்பு உதிர்த்த மணல் அலுமாரியிலிருந்து வாசல்வரை அப்படியே கிடக்கிறது. பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பையில் எறும்பு ஊர்கிறது. சோளகக் காற்று கடல்மணலைக் கொண்டுவந்து அந்தத் தடங்களை மூடப் பார்க்கிறது. அவள் எழுந்து கதவைப் பாதி சாத்துகிறாள். பக்கத்து வீட்டுத் தக்ஷாயினி வாசற்படியில் இருந்து போனைப் பார்க்கிறாள். நீலத் திரையில் ஒரு சின்ன விமானம் நகராததுபோல் நகர்கிறது. “எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர் மாமி. பத்தரை மணித்தியாலம். இன்னும் கொஞ்சம்தான்.” இராசமணி ஓம் என்கிறாள். கரைவலை இழுப்பவர்களின் பாட்டு காற்றில் வந்து வந்து தேய்கிறது.

போன் சிணுங்குகிறது. “இறங்கிட்டானாம் மாமி. இனிக் கூட்டுங்கோ.”

அவள் மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுக்கிறாள். ஆனால் குனியவில்லை. “அவ்வளவு தூரத்துக்கும் பத்தரை மணித்தியாலம்தானா, பிள்ளை?” சுவரில், மாலை போடாத படத்தில், மூத்தவன் சிரிக்கிறான். யுத்தத்தின் கடைசி வருடம் அவன் வேலை தேடிக் கொழும்புக்குப் புறப்பட்ட காலையில், பஸ் கண்ணுக்கு மறையுமுன்பே அவள் வீட்டைக் கூட்டிவிட்டாள். மூன்று மணித்தியாலப் பயணம். அவன் இன்னும் போய்ச் சேரவில்லை.