உலகமே அழுத இடம்

நாய் செத்துப்போனது. அஜிதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தான். ஈரமே இல்லை.

கேமில்தான். ஆனால் கேம்தானே என்று லேசில் சொல்லிவிடாதீர்கள். பனியில் அத்தனை தூரம் கூடவே ஓடிவந்த நாய் அது. கடைசியில் நம் மடியிலேயே தலையை வைத்து, வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டு அடங்கிப்போகும். விளையாடியவரெல்லாம் மூக்கைச் சிந்திய இடம். எங்கோ வெளிநாட்டில் ஒரு தாடிக்காரன் கேமரா முன்னாலேயே ஓவென்று அழுது, அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது.

அஜிதன் லேப்டாப்பை இழுத்து எழுதினான்: 'நாய் இறக்கும் இடம் எந்தப் பாதிப்பையும் தரவில்லை. பத்துக்கு மூன்று.'

எழுதிவிட்டு, ரொம்ப நாளைக்கு அப்புறம் லேசாகச் சிரித்தான்.

கேம்களுக்கு விமர்சனம் எழுதுவதுதான் அவன் பிழைப்பு. செங்கம் ரோட்டில் ஒரு வாடகை ரூமில் உட்கார்ந்துகொண்டு, சென்னையில் இருக்கும் ஓர் இணையதளத்துக்கு எழுதுகிறான். ரேஸ், சண்டை, பேய், கிரிக்கெட், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். இந்த வாரம் மட்டும் எடிட்டர் ஆர்த்தியிடம் அவனே கேட்டான், அழவைக்கிற கேமாகப் பார்த்துக் கொடுங்கள், எந்த வகையாக இருந்தாலும் சரி என்று.

அவளும் பாவம், தேடித் தேடி அனுப்பினாள்.

விவசாய கேம் ஒன்று. கன்றிலிருந்து வளர்த்த மாடு கிழமாகி, ஒரு நாள் காலையில் கொட்டகையில் எழுந்திருக்காது. அதற்குத் தேம்பித் தேம்பி அழுதான். அதே காலையைத் திரும்பத் திரும்ப விளையாடினான்.

அடுத்தது போர் கேம். கூட்டாளி குண்டடிபட்டு, பெற்ற மகளின் பெயரை முழுசாகச் சொல்லி முடிக்காமல் போவான். அதற்குக் கண் மட்டும் கலங்கியது. அதையும் விடவில்லை. அவனை எத்தனை தரம் சாகடித்தானோ!

இப்போது நாய். ஒன்றுமே வரவில்லை.

ஆர்த்தி போனில் பிடித்துக்கொண்டாள். "என்ன அஜித் இது? அந்த நாய் சீனுக்கு நான் ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன். நீங்க மனுஷன்தானா?"

"நெஜமா ஒண்ணும் வரலைங்க" என்றான் அஜிதன், பரீட்சையில் பாஸானவன் குரலில்.

கல்நெஞ்சுக்காரன் என்று அவள் நினைத்திருப்பாள். அவளுக்கு என்ன தெரியும்?

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் அவன் அப்பா ஜினதாச நயினார் சல்லேகனை விரதத்தில் இருந்தார். இனி உடம்பு தேறாது என்று ஆனபின், ஜைனர்களில் சிலர் தாமாக எடுக்கிற விரதம். முதலில் சோற்றை விடுவார்கள், அப்புறம் கஞ்சியை, அப்புறம் தண்ணீரை. கூடவே கோபம், ஆசை, பிள்ளை குட்டி என்று மனசிலிருந்தும் ஒவ்வொன்றாக இறக்கிவைத்துவிட்டு அமைதியாகப் போவது.

அவர் முன்னால் யாரும் அழக் கூடாது. அழுதால் பாசம் பிடித்து இழுக்கும். அம்மா ஜெயமதியே கண் கலங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அஜிதன் போனான். போனவன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அடக்கத் தெரியவில்லை, என்ன செய்வான்?

நயினார் கண்ணைத் திறந்தார். கையைத் தூக்க முடியாமல் தூக்கி அவன் முகத்தைத் துடைத்தார். பையன் இளைத்துவிட்டான், பொழுது சாய்வதற்குள் சாப்பிட ஏதாவது போடு என்றார் அம்மாவிடம். அன்றைக்கெல்லாம் அவருக்கு மந்திரத்தில் மனசு நிற்கவில்லை. அவன் வேலை என்னாகும், அவனுக்குப் பெண் யார் பார்ப்பார்கள் என்று புலம்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரே சொன்னார்.

"அவன அனுப்பிடு ஜெயமதி. அவன் அழுதா எனக்கு விட மனசு வரல."

வாசல்வரை வந்து அம்மா அவன் தலையைத் தடவினாள். அழாமல் உட்கார முடியும் என்றால் வா கண்ணு, அதுவரைக்கும் வராதே என்றாள்.

போகாமல் இருக்க முடியுமா? பெற்ற அப்பா. கடைசியாக ஒரு தரம் பக்கத்தில் உட்கார வேண்டாமா? அழாமல் இருப்பதை யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் கேம்தான். அதிலேயே சாவைப் பார்த்துப் பார்த்து மனசைப் பழக்கினான்.

பழகியும்விட்டது. சோறு ருசிக்கவில்லை. யார் சிரித்தாலும் சும்மா வாயசைப்பது போல இருந்தது. ஜன்னலில் மலை தெரிந்தது, அதுபாட்டுக்கு இருந்தது. ஆனால் அதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. இனி ஊருக்குப் போகலாம், அது போதும்.

அம்மாவுக்கு போன் போட்டான்.

"இப்ப முடியும்மா. சத்தியமா அழ மாட்டேன். அடுத்த பஸ்ஸுக்கே வரேன். அப்பா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு மட்டும் போயிடறேன்."

அம்மாதான் எடுத்தாள். வீட்டில் நிறையப் பேர் இருக்கிற சத்தம் கேட்டது.

"வாடா கண்ணு" என்றாள். "இனிமே நீ அழுதா அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

அஜிதன் போனை வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தான்.

அழலாம் என்றுதான் உட்கார்ந்தான். வரவில்லை.