தலைகீழ்ப் பயிற்சி

கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணற்றுக்குப் பறக்கிற எவரையும், மக்காயே நகரின் பயிற்சிக் குளத்தில் மாதிரி ஹெலிகாப்டரோடு கவிழ்த்துவிடுவார்கள். ஜன்னல் வழியே தப்பி வர வேண்டும்.

வரிசையில் நின்ற நில்சேயாவுக்குப் பல் தந்தியடித்தது. தன் முறையை முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்த ஜுராந்திர் சிரித்தான்.

"இதுக்கே நடுங்கினா எப்படிம்மா? நிஜத்துல ஒண்ணும் விழாது. பைலட் மேல நம்பிக்கை வை!"

"அந்த பைலட்டை எனக்கு நல்லாத் தெரியும். அதான் பயமா இருக்கு."

"ஏன், குடிகாரனா?"

"சேச்சே! புதுசு. திங்கட்கிழமைதான் முதல் தடவையா கடலுக்கு மேல ஓட்டணும்."

ஜுராந்திரின் சிரிப்பு சுருங்கியது. "நானும் அன்னிக்குத்தானே போறேன்! யாரும்மா அந்த ஆளு?"

"நான்தாங்க."

ஜுராந்திர் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மறுபடியும் வரிசையில் போய் நின்றான்.