அந்தக் கார்டுக்கு ஆள் உண்டா?

கோடை முழுக்க உட்கார்ந்து, ஒரு பழைய நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதிதாக எழுதி முடித்திருந்தான் கார்வின். அது சேர வேண்டிய, பலர் குழுவாக உருவாக்கும் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தில் எது இருக்கலாம், எது போகலாம் என்று முடிவு செய்பவள் அவன் மனைவி மேரிபெத்.

“அந்தக் கார்டை இன்னும் எவன் வச்சிருக்கான்? குழுவுக்கு மெயில் போட்டுக் கேளு. திங்கக்கிழமைக்குள்ள ஒருத்தர் கை தூக்கினாலும் உன் டிரைவர் இருக்கட்டும். இல்லன்னா தூக்கிருவேன்.”

செவ்வாய்க்கிழமையே கேட்டான். வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் திருநாளின் வான்கோழி விருந்து முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மிச்ச வான்கோழியும் முடிந்தது. பதில்தான் வரவில்லை.

“ஒருத்தர்கூடவா இல்ல? பாவம்ப்பா நீ.”

“எல்லாரும் லீவுல இருப்பாங்க.”

“நம்ம குழு கிரிக்ஸ்பியுமா? குட்மார்னிங் சொன்னாலே சண்டைக்கு வர்ற மனுஷனாச்சே!”

அப்போது போன் அடித்தது. கிரிக்ஸ்பிதான்.

“யோவ் கார்வின்! உன்னைத் திட்டி எத்தனை மெயில்தான்யா போடுறது? எல்லாம் திரும்பி வருது. குழுவோட சர்வர் செத்துப்போச்சா?”

குழுவின் மெயில் எல்லாம் போய்வரும் சர்வர் அவர்கள் வீட்டின் கீழ்த்தள அறையில்தான் இருந்தது. எந்தப் புதுப் பதிப்பையும் முதலில் அதில்தான் ஏற்றிப் பார்ப்பது வழக்கம். புதன்கிழமையும் கார்வினின் டிரைவர் சேர்ந்த பதிப்பை மேரிபெத் ஏற்றியிருந்தாள். இப்போது இறங்கிப் போய் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கையெல்லாம் தூசியோடு வந்தாள்.

“அந்தக் கார்டுக்கு ஆள் கிடைச்சாச்சு. நம்ம சர்வர்லயே அதுதான் இருக்கு.”

கார்வின் துள்ளினான். “அப்போ என் டிரைவர் இருக்கும்!”

“இருக்கும், இருக்கும். இப்போதைக்குக் கீழ போய்ப் பழைய டிரைவரைப் போட்டுட்டு வா. உன்னோடது ஓடுறதாலதான் ஒருத்தர் பதிலும் வந்து சேரல.”